தாம்பாளம் இல்லாத கரண்டி

இன்று காலை கடையைத் திறக்கும்போதே ஆடிக் காற்று எழுந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் பித்தளைக் குழிக்கரண்டி ஒரு பக்கம் போய், அங்கே சற்று யோசித்து, மறு பக்கம் வந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சோடா குடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, திருஷ்டிக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஊரே என் அழகப் பாத்துக் கண்ணு வைக்குது" என்றேன்.

அவர் என் தொந்தியை ஒரு முறை பார்த்தார். பிறகு சோடாவைக் குடித்து முடித்தார்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். சிரித்துவிட்டு, "திருஷ்டி இல்லீங்க, அது அதும்பாட்டுக்கு வேலை செய்யுது" என்று அந்த மனிதரைப் பிடித்து உட்கார வைத்திருப்பாய். அவர் ஆற்காட்டு பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார். உன்னிடம் பேச்சுக் கொடுத்து வண்டியைத் தவறவிட்டவர்கள் இந்த ராணிப்பேட்டையில் எத்தனை பேர்! என் வியாபாரமே அவர்களை நம்பித்தான் நடந்தது. நீ போன பிறகு எல்லாரும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கடை டல்லாக இருக்கிறது.

தோல் பதனிடும் கிடங்கில் உனக்கு உலர்த்தும் கொட்டகையில் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வந்த ஆட்டுத்தோல்களை மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். வெயில் படக்கூடாது, காற்று மட்டும் பட வேண்டும். அதற்காகத் தட்டிகளை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பாய். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவார்கள். நானும் அப்படித்தான். சோடாப் பெட்டியை இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்று பார்ப்பேன். நீ என் கையைப் பிடித்துக்கொள்வாய்.

"டேய் சோடா, கொஞ்சம் நில்லு. எல்லாம் ஒரே ஆட்டுத்தோலு. ஒரே காத்து. ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி அசையுது பாரு. அந்தக் கடைசித் தோலப் பாரேன், வெக்கப்படுது."

"செத்த ஆடுடா அது!"

"ஆடுதான் செத்துச்சி. தோலு எங்க செத்துச்சி?"

 மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும் மனிதனால் தர்க்கம் செய்ய முடியாது. "தரையில வச்சா சாமான். தொங்கவிட்டா ஆளு" என்பாய். இதை நான் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். இன்றைக்கும் சொல்கிறேன். சிரிப்பதைத்தான் நிறுத்திவிட்டேன்.

தனபாக்கியத்தை நீ கட்டிக்கொண்டு வந்தபோது, திமிரியிலிருந்து சீர் வண்டி வந்து உன் வீட்டு வாசலில் நின்றதே, அந்தக் காட்சி என் கண்ணிலேயே இருக்கிறது. குடம், சொம்பு, தாம்பாளம், கரண்டிகள், தட்டுகள், பன்னீர்ச்செம்பு என்று எல்லாம் பித்தளையில் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் அவள் பேர் வெட்டியிருந்தது. குழிக்கரண்டியின் காம்பில்கூட இடம் பிடித்து, எழுத்தை நெருக்கி நெருக்கி வெட்டியிருந்தார்கள். அவள் அப்பா, வண்டியிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பேர் தெரியும்படி திருப்பித் திருப்பி வைத்தார். தெருவே நின்று பார்த்தது. சீர் என்பது தெரு பார்க்க வருவதுதானே. என் கல்யாணத்துக்கு வந்த சீரை நான் துண்டைப் போட்டு மூட வேண்டியிருந்தது. அது வேறு கதை, அதைச் சொன்னால் இங்கே எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

தனபாக்கியத்துக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கு அது பிடித்திருந்தது. "வாங்கண்ணா, உங்க சோடால வாயு ஜாஸ்தியா, உங்க பேச்சுல ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றுவாள். அந்தக் குழிக்கரண்டியால்தான் ஊற்றுவாள். அந்த ரசத்துக்காக எவ்வளவு ஏச்சு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் தினமும் வந்தேன்.

பிறகு அந்தச் சக்கரம் வந்தது.

பாலாற்றுப் பக்கம் பார்த்த உன் கொல்லையில், உடைந்த கட்டை வண்டியின் அச்சை நெட்டுக்குத்தாக நட்டு, அதன் தலையில் சக்கரத்தைப் படுக்க வைத்தாய். சக்கரத்திலிருந்து நாலா பக்கமும் மூங்கில் நீட்டினாய். மூங்கில் நுனியில் பாய்மரம் மாதிரி கிடங்கின் கழிசல் தோல்களைக் கட்டினாய். வேலூர் லாங் பஜாருக்குப் போய் ஒரு கிழிந்த குடையை வாங்கி வந்து உச்சியில் செருகினாய். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து சுற்ற வேண்டும். தொங்குகிறவை எல்லாம் தங்கள் தங்கள் குணப்படி அசைய வேண்டும். அவ்வளவுதான் உன் திட்டம். "எதுக்குடா இது? தண்ணி இறைக்குமா, மாவு அரைக்குமா?" என்று நான் கேட்டேன். "நீ எதுக்கு இருக்க? தண்ணி இறைக்கிறியா, மாவு அரைக்கிறியா?" என்றாய். நியாயமான கேள்வி. என் வீட்டிலும் அதையே கேட்கிறார்கள்.

ஆனால் தொங்குவதற்கு ஆட்கள் வேண்டுமே. அடுப்பங்கரையிலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பி வர ஆரம்பித்தார்கள். முதலில் மூடிகள், பிறகு சொம்பு, பிறகு தாம்பாளம். ஒரு நாள் நான் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்; தனபாக்கியம் அடுப்பண்டை தேடிக்கொண்டே இருக்கிறாள்.

"ஊத்தறதுக்குக் கரண்டி எங்கய்யா?"

"அது வேலைக்குப் போயிருக்குது" என்றாய் நீ.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். அவள் பேர் வெட்டிய பாத்திரங்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஆற்றுக்குப் போகிறவர்கள் வேலிமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பன் சீர் குடுத்தது சோறு வடிக்க. ஊரு பாத்துச் சிரிக்கத் தொங்கவுட இல்ல."

"கொஞ்சம் பொறு. காத்து வரட்டும். சுத்தறப்ப நீயே பாரு."

"எப்ப சுத்தும்?"

"அது மனசு வச்சா."

அதுதான் சிக்கல். அது மனசே வைக்கவில்லை. சித்திரை முழுக்கச் சுற்றவில்லை. நீ விளக்கெண்ணெய் போட்டாய், அச்சை நிமிர்த்தினாய், தோலை மாற்றிக் கட்டினாய். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. வைகாசியில் ஒரு நாள் விருந்தாளிகள் வந்து, தண்ணீர் கொடுக்கச் சொம்பு இல்லாமல், அவள் பக்கத்து வீட்டில் போய் வாங்கி வந்தாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி அவள் அன்றுவரை பார்க்கவே இல்லை. இதை மட்டும் நான் எத்தனை தடவை நினைத்தாலும் மனசு ஆறுவதில்லை.

ஏனென்றால் அவள் போன பிறகு ஆனி பிறந்தது, மேல்காற்று வந்தது, அது சுற்றியது.

நான் கடையில் இருந்தேன். நீ செருப்பில்லாமல் ஓடி வந்தாய். "சோடா! வாடா, வாடா!" உன் பின்னால் நானும் ஓடினேன், நான் ஓடியதை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். கொல்லையில் சக்கரம் நிதானமாக, ஒரு பெரிய மனிதர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மூடிகள் ஒன்றுக்கொன்று தோளை இடித்துக்கொண்டன. சொம்பு தன் மூங்கிலின் அடியில் குனிந்து குனிந்து நிமிர்ந்தது, யாருக்கோ வணக்கம் சொல்வது போல. காற்று ஏற ஏற உச்சியில் இருந்த குடை தானாக விரிந்தது. காற்று தணிந்ததும் தானாக மடங்கியது. எல்லாவற்றுக்கும் கீழே, நீளக் கயிற்றில் தொங்கிய குழிக்கரண்டி, ஒவ்வொரு சுற்றிலும் விலகிப் போய், திரும்பி வரும்போது, பக்கத்தில் நட்டிருந்த கம்பத்தில் கட்டியிருந்த தாம்பாளத்தை ஒரு முறை தொட்டது.

டணார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. கோயில் மணியும் இல்லை, பள்ளிக்கூட மணியும் இல்லை. ரசம் ஊற்றி முடித்துவிட்டுப் பாத்திரத்தின் விளிம்பில் கரண்டியைத் தட்டுவாளே, அது மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஓர் இழுப்பு இருக்கும். நாம் இருவரும் ஒன்றும் பேசாமல் நின்றோம். நான் பேசாமல் நின்றதை நீயே சாட்சியாக வைத்துக்கொள். வேறு யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனி முழுக்க அது சுற்றியது. கிடங்கு முதலாளி சாயபு குதிரை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "பேஜார் பண்றான், ஆனா நல்லா இருக்குது" என்று சொல்லிப் போனார். யாரோ ஒரு அம்மாள் கம்பத்துக்கு மஞ்சள் தடவி வைத்தாள். ராணிப்பேட்டைக்கும் திமிரிக்கும் நடையாக நடந்து வளையல் விற்பவர் ஒருவர் இருந்தாரே, அவர் செய்தியைத் திமிரிக்குக் கொண்டு போனார். அவர் வளையலைவிடச் செய்திக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி. அங்கிருந்து திரும்பி வந்தவர் உன்னிடம் சொன்னார்:

"மாமனாரு ரொம்பக் கோவமா இருக்காரு தம்பி. 'எம்பொண்ணு பேரு வெட்டுன பாத்திரம் தெருவுல ஆடுதாமே'ன்னு குதிக்கிறாரு."

"அவ இன்னா சொன்னா?"

"அது ஒண்ணும் சொல்லல. சும்மா கேட்டுக்கினு இருந்துச்சி."

நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் வந்தபோது ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நல்ல காற்று வேறு. அவிழ்க்க விடாமல் அது உன்னைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று.

"ஏண்டா இப்ப? இப்பதான சுத்துது!"

"பாக்க வேண்டியவ பாக்கல. யாருக்குச் சுத்துது?"

கட்டுவதற்காகப் போட்ட ஓட்டைகளை எல்லாம் ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டு அடைத்தாய். புளியும் சாம்பலும் போட்டு நாம் இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம். நான் பன்னீர்ச்செம்பைத் தேய்த்தேன். அது ஒன்றுதான் கைக்கு அடக்கமாக இருந்தது. பாத்திரங்கள் கல்யாணத்தன்று இருந்ததைவிட ஜோராக மின்னின. பிறகு உனக்கு அந்த யோசனை வந்தது. வண்டியில் ஏற்றித் திமிரிக்கே அனுப்பிவிடுவது. அவள் கண்ணாலேயே பார்க்கட்டும், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஒன்றும் தொலைந்துபோகவில்லை என்று.

"நீயும் வாயேன்" என்றேன்.

"நான் வந்தா வாய்ச்சண்டதான் வரும். பாத்திரம் போவட்டும் மொதல்ல. அதுங்க பேசட்டும். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. எல்லாம் இருக்குது, ஒண்ணு கூடக் குறையலன்னு சொல்லு. அத மொதல்ல சொல்லு."

இதைப் படிக்கிற எந்தப் பெண்பிள்ளையும் இப்போது தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். கொடுத்த சீர் வந்த வண்டியிலேயே திரும்பிப் பெண் வீட்டுக்குப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் தெரியாதவர்கள் உண்டா? உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுப் பஞ்சாயத்தில் நானே போய் உட்கார்ந்து, சீர்ச்சாமான் எண்ணி இறக்கியதோடு உறவு அற்றுப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நம் இரண்டு பேர் மண்டையிலும் அது உறைக்கவில்லை. ஏன் என்று பிற்பாடு ரொம்ப நாள் யோசித்தேன். நமக்கு அவை சீர் பாத்திரங்களாகத் தெரிவது எப்போதோ நின்றுபோயிருந்தது. நமக்கு அவை சுற்றுகிறவை, குனிகிறவை, இடித்துக்கொள்கிறவை. திண்டாட்டமான ஒரு கூட்டுக் குடும்பம். அந்தக் குடும்பத்தைத் தனபாக்கியத்தைப் பார்க்க ஊருக்கு அனுப்பி வைப்பதாகத்தான் நாம் நினைத்தோம். நான் வேறு, அழகாக இருக்கட்டும் என்று, வெட்டிய பேர் எல்லாம் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி அடுக்கினேன்!

பாலாற்று மணலில் வண்டி இறங்கி ஏறி, ஆற்காடு தாண்டி, திமிரி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தெருவில் வண்டி நுழைந்ததுமே ஆட்கள் பின்னால் வர ஆரம்பித்தார்கள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பித்தளை அந்த வெயிலில் எப்படி மின்னியது தெரியுமா!

அவள் அப்பா வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாம் இருக்குதா?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் கம்மலாக இருந்தது.

நீ சொல்லி அனுப்பியதையே கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். "ஒண்ணு கூடக் குறையலீங்க ஐயா!" என்றேன், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எறக்குங்கடா" என்றார். உள்ளேயிருந்து அவள் அம்மா ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, ஆவணி பொறந்ததும் நாங்களே கொண்டாந்து வுடலாம்னு இருந்தோமே... அவளும் போறேன்னுதானே சொன்னா" என்று அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் என் மரமண்டைக்குள் ஏதோ நகர்ந்தது.

எத்தனை சொன்னேன், எப்படியெல்லாம் சொன்னேன்! இது அது இல்லை, இது வேறே, காட்டத்தான் கொண்டு வந்தோம், திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். நான் பேசப் பேச ஆட்கள் ஒரு பக்கம் பாத்திரங்களை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றும் தரையில் படும்போது ஒரு சத்தம் வந்தது. தெரு அதைத்தான் கேட்டது. அவர் கடைசியாக ஒன்று சொன்னார்: "தம்பி, ஊரு முன்னால எறங்குன சீர மறுபடி ஏத்தி அனுப்ப எனக்குத் தெரியாது. நீங்க போங்க."

பாத்திரங்கள் பேசட்டும் என்றாய் நீ. பேசின. நாம் சொல்லிக் கொடுத்ததைப் பேசவில்லை. அவற்றுக்குத் தெரிந்ததைப் பேசின.

தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே தனபாக்கியம் நின்றிருந்தாள். கையில் குழிக்கரண்டி. குவியலிலிருந்து அதை மட்டும் எடுத்திருக்கிறாள். ஈயம் அடைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் கேட்டது வேறு.

"சுத்துச்சாமே ணா? வளையல்காரர் சொன்னாரு."

"சுத்துச்சிம்மா. ஆனி முழுக்க."

"இதான் சத்தம் போடுமாமே? தாம்பாளத்துல போய் இடிக்குமாமே? இன்னா மாதிரி சத்தம்?"

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? புத்தியுள்ளவன், 'அம்மா, வா, இந்த வண்டியிலேயே ஏறு' என்று சொல்லியிருப்பான். என்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். கன்னத்தை உப்பி, வாயைக் குவித்து, "டணா...ர்" என்றேன். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெறும் வண்டியில் நான் திரும்பி வந்தேன். நீ ஆற்றங்கரைக்கே வந்து நின்றிருந்தாய். வண்டி காலியாக வருவதைப் பார்த்து உன் முகம் மலர்ந்தது. சமாதானமாகி வாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டாய். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவள் அம்மா அழுததையும், ஆவணியில் அனுப்ப இருந்ததையும். நீ மணலில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"நீ இன்னா சத்தம் போட்ட? போட்டுக் காட்டு."

போட்டேன்.

"இழுப்பு கம்மி. கடைசியில இன்னும் கொஞ்சம் இழுக்கணும். இன்னொரு வாட்டி."

ஆற்று மணலில் உட்கார்ந்து எனக்குச் சத்தம் சொல்லிக் கொடுத்தாய். வண்டிக்காரன் நம் இருவரையும் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

அதற்கப்புறம் பஞ்சாயத்து வைத்துப் பார்த்தோம். பெரியவர் அசையவில்லை. அவர் காலமான பிறகு அவள் அண்ணனும் அசையவில்லை. நீ ஒரு தடவை திமிரி வரைக்கும் நடந்து போனாய். ஏரிக்கரையில் சாயந்திரம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாய். "வீட்டுக் கூரையப் பாத்தேன். போதும்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் உனக்கு அன்றைக்குச் சோடா கொடுக்கவில்லை. இன்னும் நூறு அடி நடந்தால் கதவு! தோல் தானாக அசையும், சொம்பு தானாகக் குனியும், குடை தானாக விரியும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டவன் நீ. உன் கால் மட்டும் ஏன் தானாக நகராமல் போயிற்று? மனுஷனும் தொங்குகிற சாமானும் ஒன்றில்லை என்று உன்னிடம் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. எனக்குத் தமாஷாகத்தான் எதையும் சொல்ல வரும். தமாஷாகச் சொன்னால் நீ சிரித்தாய்.

கொல்லையில் தோலும் குடையும் மட்டும் மிஞ்சிய வெறும் சக்கரம் நின்றது. நீ அதில் வேறு எதையும் தொங்கவிடவில்லை. ஆனால் மாசம் தவறாமல் விளக்கெண்ணெய் மட்டும் போட்டுவந்தாய். "ஏண்டா?" என்றால், "கீச்சுன்னு சத்தம் வரக்கூடாது. வேற சத்தம் வந்தா இடம் வேணுமில்ல" என்பாய்.

காய்ச்சலில் நீ போனது, பல வருஷம் கழித்து, ஒரு வைகாசிக் கடைசியில். திமிரிக்கு நான்தான் ஆள் அனுப்பினேன். யாரும் வரவில்லை. உறவு அற்றுப்போன வீடு, வரமாட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த ஆடியிலேயே ஒரு மத்தியானம் கடை வாசலில் மாட்டுவண்டி நின்றது. இறங்கியவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்து, உடம்பு வற்றிப்போயிருந்தது. "இன்னா ணா, வாயு இன்னும் குறையலியா?" என்று கேட்டதும்தான் தெரிந்தது. அப்புறம் அவள் கழுத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. வெயிலில் கறுத்த கழுத்தைச் சுற்றி, கயிறு கிடந்த இடத்தில் மட்டும், வெளுப்பாக ஒரு தடம். சீர் திரும்பிப் போய் இத்தனை வருஷம். உன் கயிற்றை அவள் கழற்றவே இல்லையடா. நீ போன சேதி வந்த பிறகுதான் கழற்றியிருக்கிறாள். இது தெரியாமலே நீ போய்விட்டாய். ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும், கழுத்து தெரியாது.

புடவைத் தலைப்பில் சுற்றியிருந்ததை எடுத்தாள். குழிக்கரண்டி.

"அத எங்க கட்டியிருந்தாரோ அங்க கட்டுங்க ணா. சுத்தறத ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன்."

உன் கொல்லைக்குப் போனோம். வீட்டுக்கு வேறு ஆட்கள் வர இருந்தார்கள். சக்கரத்தை இன்னும் பிடுங்கவில்லை. நான் ஏணியில் ஏறினேன். நான் ஏணியில் ஏறுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். வண்டிக்காரன் ஒரு பக்கம் பிடிக்க, அவள் மறு பக்கம் பிடிக்க, ஏணி அழ, ஒரு வழியாகக் கட்டிவிட்டு இறங்கினேன். நீ எண்ணெய் போட்டு வைத்திருந்தது வீண் போகவில்லை. சிறிது நேரத்தில் காற்று வந்தது. சக்கரம் தயங்காமல் கிளம்பியது. கிழிந்துபோன குடைக்கம்பிகள் மெல்ல விரிந்தன. கரண்டி விலகிப் போயிற்று, திரும்பி வந்தது, கம்பத்தின் ஓரமாகப் போய், எதையும் தொடாமல் தாண்டிவிட்டது.

அவள் அடுத்த சுற்று வரும்வரை பொறுத்தாள். அடுத்ததும் அப்படியே போயிற்று.

"சத்தம் வரலியே ணா."

"தாம்பாளம் வேணுமேம்மா. அதுல இடிச்சாத்தான்..."

"தாம்பாளத்த எங்கண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குப் பழைய பித்தளையாப் போட்டு வேற வாங்கிட்டாங்க. எல்லாத்தையும் போட்டுட்டாங்க. இத மட்டும்தான் நான் ஒளிச்சி வச்சிருந்தேன்."

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அழகாகத்தான் சுற்றியது. ஊமையாகச் சுற்றியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், கரண்டியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னிக்கிக் கிணத்தண்ட நீங்க வாயால ஒரு சத்தம் போட்டீங்களே. அது இன்னும் ஞாபகம் இருக்குதா?"

கரண்டி அப்போதுதான் அந்தப் பக்கம் போயிருந்தது. அது திரும்பி வந்து, தாம்பாளம் இருந்த இடத்துக்கு வந்ததும், நான் கன்னத்தை உப்பி, "டணா...ர்" என்றேன். கடைசியில் நீ சொல்லிக் கொடுத்தபடி இழுத்தேன். அடுத்த சுற்றுக்கும் போட்டேன். அதற்கடுத்ததற்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டிக்காரன் முதலில் சிரித்தான். பிறகு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். காற்று அன்றைக்குத் தணியவே இல்லை. எனக்கு மூச்சு முட்டியது. அவள் "போதும் ணா" என்று சொல்லும்வரை நிறுத்தக்கூடாது என்று நின்றேன். அவள் லேசில் சொல்லவில்லை.

போகும்போது கரண்டியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "அங்க எடுத்துட்டுப் போனா மறுபடியும் ஒளிச்சித்தான் வைக்கணும். உங்ககிட்ட இருந்தா தொங்கவாவது தொங்கும்" என்றாள்.

சக்கரத்தை ஒரு வண்டிப் பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கேயோ ஏதோ ஒரு வண்டியில், பாரம் சுமந்துகொண்டு, நேராக ஓடிக்கொண்டிருக்கும். கரண்டி என் கடை ஜன்னலில் இருக்கிறது. புதுத் தாம்பாளம் ஒன்று வாங்கிப் பக்கத்தில் மாட்டினால் என்ன என்று என் வீட்டுக்காரி கேட்டாள். மாட்டிப் பார்த்தேன். தகரச் சத்தம் வந்தது. கழற்றிவிட்டேன்.

வெளியூர்க்காரர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடையில் யாரும் இல்லை. "இன்னா, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வருகிறது; இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று எழுகிறது. கரண்டி அந்தப் பக்கம் போயிருக்கிறது. கன்னத்தை உப்பிக்கொண்டு, அது திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறேன்.